காசிமேட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கடல் வழியாகப் படகு கொண்டுசெல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை காசிமேட்டில் பைபர் படகு வாங்கித் தெற்கே கொண்டுசெல்ல நினைப்பவர்கள் ஒரே விதமான ஐயங்களோடு வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 28 முதல் 32 அடி வரை நீளமுள்ள, அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய திறந்த படகை மனத்தில் வைத்தே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன. உள் எஞ்சின் கொண்ட பெரிய விசைப்படகுகளுக்குக் கணக்கு மாறும்.

படகைக் கடலிலேயே ஓட்டிக்கொண்டு போகலாமா, லாரியில் ஏற்றுவதுதான் நல்லதா?

படகும் எஞ்சினும் உங்களுக்குப் பழகியவை என்றால் கடல் வழியாகவே கொண்டுபோகலாம். நேற்று வாங்கிய படகை இன்று கடல் வழியே கொண்டுபோகக் கூடாது. அதன் எஞ்சின் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, சுமையேற்றினால் எவ்வளவு தாழ்கிறது, எதிர் அலையில் எப்படி எழும்புகிறது என்பதையெல்லாம் துறைமுகத்தின் அருகிலேயே சில நாள் ஓட்டித் தெரிந்துகொண்ட பிறகுதான் பயணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் லாரியில் ஏற்றுவதே சரி. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரையுள்ள காலத்தையே நான் சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடலின் புயல்களும் சேர்ந்து வரும் காலம். ஜனவரியின் முற்பகுதியிலும் வாடைக்காற்றின் மிச்சம் இருக்கும். ஏப்ரல் பிறந்தால் தெற்கிலிருந்து காற்று வலுக்கத் தொடங்கும்; தொலைவான தென்கடலில் பிறந்து வரும் கள்ளக்கடல் அலைகளும் அந்தப் பருவத்தில்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் அனைத்தும் துறைமுகங்களில் கட்டப்பட்டிருக்கும்; இரவு தங்க இடம் கிடைப்பதே கடினமாகிவிடும்.

இந்த நல்ல பருவத்திலும் ஒரு பாதகம் உண்டு. பிப்ரவரி முதல் இக்கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. தெற்கே செல்லும் படகுக்கு அது எதிர் நீர். மணிக்கு ஒன்று அல்லது ஒன்றரை கடல்மைல் வேகத்தில் எதிர்ப்பட்டாலும் வியப்பில்லை. கடல் அமைதியாக இருக்கிறதே என்று இதைக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்களுக்குத்தான் எரிபொருள் பற்றாமல் போகிறது.

மொத்தம் எத்தனை மைல்? போனில் நேர்க்கோடு போட்டு அளந்தால் போதாதா?

போதாது. காசிமேட்டிலிருந்து புதுச்சேரிக்கு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். அது கோவளம், மாமல்லபுரம் பகுதிகளில் நிலத்தின் மேல் செல்லும். கரை அங்கே கிழக்கு நோக்கிப் புடைத்திருக்கிறது. எனவே முதலில் ஏறத்தாழ நேர் தெற்காக மாமல்லபுரத்துக்குக் கிழக்கே மூன்று, நான்கு மைல் தள்ளி ஒரு புள்ளிக்குச் சென்று, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பகுதியை விலகிக் கடந்த பின்னரே தென்மேற்காகத் திரும்ப வேண்டும். இப்படி அளந்தால் புதுச்சேரி வரை சுமார் 80 கடல்மைல் வரும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். வெறும் மைல் என்று எழுதியிருக்கும் இடங்களிலும் கடல்மைலையே குறிக்கிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே கணக்கு எளிது. கரை ஏறத்தாழ வடக்கு தெற்காகவே ஓடுகிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல் என்பதால், இரண்டு ஊர்களின் அட்சரேகைகளைக் கழித்தாலே தூரம் கிடைத்துவிடும். புதுச்சேரி முகத்துவாரம் 11 டிகிரி 54 நிமிடம். நாகப்பட்டினம் 10 டிகிரி 46 நிமிடம். இடையே 68 நிமிடம். வளைவு நெளிவுக்குச் சற்றுச் சேர்த்து 70 கடல்மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் நாகப்பட்டினம் போய்ச் சேர முடியாதா?

150 கடல்மைல் தூரத்தை மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் எதிர் நீரில் கடக்கப் பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகும். அப்படியானால் கடைசி மணி நேரங்களில் இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும். இக்கரையில் இரவில் விளக்கில்லாத சிறு படகுகளும், கட்டுமரங்களும், கிலோமீட்டர் கணக்கில் விரித்த வலைகளும் இருக்கும். ஆகையால் முதல் நாள் புதுச்சேரி, அடுத்த நாள் நாகப்பட்டினம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நாள் ஓய்வு எடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டு நாளும் ஒரே தன்மையுடையவை அல்ல. இரண்டாம் நாள் வழியில் கடலூர், பரங்கிப்பேட்டை, பழையாறு, பூம்புகார், காரைக்கால் என்று ஒதுங்க இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் நாளில் காசிமேட்டை விட்டால் புதுச்சேரி வரை எல்லா நிலையிலும் நம்பி நுழையத்தக்க ஆழமான துறைமுகம் இல்லை. தயாரிப்பு முழுவதையும் அந்த முதல் நாளை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

எவ்வளவு பெட்ரோல் ஏற்ற வேண்டும்?

40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 14, 15 லிட்டர் குடிக்கும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். உங்கள் எஞ்சினின் அளவை நீங்களே பார்த்துக்கொள்வதுதான் சரி: டேங்க்கை நிரப்பி, பயணத்தில் ஓட்டப்போகும் வேகத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டி, மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. வேகம் 12, செலவு மணிக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டமே இல்லையென்றால் 80 மைலுக்கு 6 மணி 40 நிமிடம், 100 லிட்டர். ஒன்றரை மைல் எதிர் நீர் இருந்தால் உண்மையான வேகம் பத்தரைதான். நேரம் 7 மணி 40 நிமிடத்தை நெருங்கும். செலவு 114 லிட்டர். ஏற்றும் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே செலவுக்கு வைத்து மூன்றாவது பங்கைத் தொடாமல் விடுவது கடலோடிகளின் பழைய வழக்கம். அதன்படி 170 லிட்டர் வேண்டும். அதன் எடை 125 கிலோவுக்கு மேல். ஆகவே கேன்களைப் படகின் நடுப்பகுதியில் தாழ்வாக அடுக்கிக் கட்டுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கும். கேனிலிருந்து டேங்க்குக்கு மாற்றும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள், யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். நீர் அதிகமானால் எத்தனாலோடு பிரிந்து டேங்க்கின் அடியில் நிற்கும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் இடையில் பொருத்துங்கள்.

எஞ்சினில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒரு எஞ்சின் போதுமா?

குளிர்விக்கும் நீர் பின்பக்கத் துளையிலிருந்து விட்டுவிடாமல் பீய்ச்சுகிறதா என்பதுதான் முதல் சோதனை. அது மெலிந்திருந்தால் நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றாமல் புறப்படக் கூடாது. மாற்று இம்பெல்லர், ஸ்பார்க் பிளக்குகள், அவற்றைக் கழற்றும் சாவி, எரிபொருள் குழாயும் கைப்பம்பும், மாற்றுப் புரொபெல்லர், அதன் ஊசிகள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் வையுங்கள். அவற்றை மாற்றத் தெரிந்த ஒருவர் படகில் இருக்க வேண்டும். கரையிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது எஞ்சின் சிறியதாக, 8 அல்லது 10 குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் போதும். ஆனால் அதற்குத் தனி டேங்க் வேண்டும். இரண்டும் ஒரே டேங்க்கிலிருந்து எடுத்தால், பெட்ரோலில் நீர் கலந்த நாளில் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

மீனவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை என்றால் புறப்படலாம்தானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கைகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் என்ற காற்று வேகங்களைப் பார்த்திருப்பீர்கள். அது பெரிய விசைப்படகுகளுக்கும் ஆபத்தான நிலை. 28 அடித் திறந்த படகு அதற்கு வெகு முன்னரே, 30 கிலோமீட்டர் காற்றிலேயே தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். எச்சரிக்கை இல்லை என்பதை உங்கள் படகுக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை முன்கணிப்பில் காற்று, அலை உயரம், அலைகளின் இடைவெளி மூன்றையும் பாருங்கள். பயணம் முழுவதும் காற்று மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் அலை ஒரு மீட்டருக்கும் உட்பட்டு இருந்தால் மட்டுமே புறப்படுவது என் அளவுகோல். அங்கே குறிப்பிடப்படும் உயரம் பெரிய அலைகளான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு எழலாம். நான்கைந்து நொடிக்கு ஒன்றாக வரும் ஒரு மீட்டர் அலை படகை உடைப்பதுபோல் அடிக்கும். பன்னிரண்டு நொடிக்கு ஒன்றாக வரும் அதே ஒரு மீட்டர் நடுக்கடலில் தெரியவே தெரியாது. முகத்துவாரத்தில் மட்டும் எழுந்து உடையும்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது தொலைவில் உள்ள தாழ்வு மண்டலத்துக்கான ஒன்றாம் எண்ணாக இருந்தாலும், பயணத்தை ஒத்திவையுங்கள்.

அதிகாலையிலேயே கிளம்ப வேண்டுமா?

ஆம். இக்கரையில் காலையில் கடல் தணிந்திருக்கும்; நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். தெற்கே செல்லும் படகுக்கு அது அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், இடப்பக்கத்தில் அடிக்கும் காற்று. பிப்ரவரியில் ஆறு மணிக்குச் சற்று வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால், முன்பு சொன்ன பத்தரை மைல் கணக்கில் ஒன்பது மணி வாக்கில் மாமல்லபுரத்துக்கு நேராக இருப்பீர்கள். இரண்டு மணிக்குள் புதுச்சேரி. கடைசி இரண்டு மணி நேரம் வேகம் குறைந்தாலும் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

புறப்பட்டவுடன் சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களையும் நங்கூரமிட்டு நிற்பவற்றையும் கவனியுங்கள். மணிக்கு 15 மைல் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல்மைலை நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். அதன் முன்னால் குறுக்கே புகாமல், பின்னால் சுற்றிச் செல்லுங்கள்.

கரையை ஒட்டியே போனால் பாதுகாப்பு அதிகம் இல்லையா?

கரை கண்ணுக்குத் தெரிவது நல்லது; கரையை ஒட்டுவது நல்லதல்ல. அலை உடையும் பகுதிக்கு அருகில் எஞ்சின் நின்றால் பழுது பார்க்க நேரம் கிடைக்காது. பாலாறு, கொள்ளிடம் போன்ற ஆறுகளின் வாய்களில் மணல்திட்டுகள் கடலுக்குள் நீண்டிருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் அவை இடம் மாறும். கரையிலிருந்து மூன்று, நான்கு மைல் தள்ளிச் செல்வது பொதுவாக ஏற்றது. அங்கிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி கலங்கரை விளக்கங்களைப் பார்த்து ஜிபிஎஸ் சொல்வது சரிதானா என்று ஒப்பிடவும் முடியும்.

வழியில் வலை இருந்தால் என்ன செய்வது? எஞ்சினில் சிக்கினால்?

வலையின் இரு முனைகளிலும் கொடி கட்டிய மிதவை இருக்கும். ஒரு கொடியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து மற்றொன்றைத் தேடுங்கள். இடையில் சிறு மிதவைகளின் வரிசை தெரியும். கொடிக்கு வெளியே சுற்றிச் செல்வதற்கு ஆகும் கால் மணி நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். அருகில் படகு இருந்தால் கை காட்டிக் கேளுங்கள், எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

சிக்கிவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றின் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே எஞ்சினைத் தூக்குங்கள். புரொபெல்லரைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் பெரும்பாலும் கழன்றுவரும். வராவிட்டால் வளைந்த கத்தியால் சுற்றிய பகுதியை மட்டும் அறுங்கள். நைலான் நரம்பு தண்டின் ஆயில் சீலுக்குள் புகுந்திருக்கலாம். கரை சேர்ந்ததும் புரொபெல்லரைக் கழற்றிப் பாருங்கள். வலை ஒருவருடைய பிழைப்பு. அறுத்தால், உரியவரைத் தேடிச் சொல்லி இழப்பைக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

முகத்துவாரத்தில் நுழைவதுதான் பயமாக இருக்கிறது. எப்படி நுழைவது?

அந்தப் பயம் நியாயமானது. புதுச்சேரி, கடலூர் போன்ற துறைமுகங்கள் ஆற்று வாயில் அமைந்தவை; வாயில் மணல் சேர்ந்து ஆழம் குறையும். கடல் ஏற்றத்தாழ்வு இக்கரையில் ஒரு மீட்டரைச் சுற்றியே இருந்தாலும், வாயில் ஒன்றரை மீட்டர் நீரே இருக்கும்போது அந்த ஒரு மீட்டர் பெரிய வேறுபாடு. ஏற்றத்தின் இறுதியில் நுழையும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வற்றும் நீர் வெளியே பாயும்போது எதிரே வரும் அலை செங்குத்தாக எழும். அந்த நேரத்தைத் தவிருங்கள்.

வாய்க்கு வெளியே நின்று அலைகளைப் பத்து நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும், பிறகு சற்றுத் தணியும். உள்ளூர்ப் படகு ஒன்று நுழையும் வரை காத்திருந்து அதன் தடத்திலேயே செல்வது மிக நல்லது. நுழையும்போது ஓர் அலையின் முதுகில் ஏறி அதன் வேகத்திலேயே போக வேண்டும். அதை முந்தி முன்சரிவில் இறங்கினால் அணியம் புதைந்து படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். பின்தங்கினால் அடுத்த அலை பின்புறத்தில் ஏறும். அனைவரும் லைஃப் ஜாக்கெட்டை அணிந்திருக்க வேண்டும். காலடியில் கிடக்கும் ஜாக்கெட் உதவாது.

போனில் சிக்னல் கிடைக்கிறதே, வயர்லெஸ் எதற்கு?

போன் ஒருவரை மட்டுமே அழைக்கும். விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலில் பேசினால் சுற்றியுள்ள கப்பல்களும் படகுகளும் கடலோரக் காவல்படையும் கேட்க முடியும். முதலில் வந்து சேரக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் படகுக்காரர்தான். போனையும் நீர்புகா உறையில் வைத்து, இரண்டு எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

ஜிபிஎஸ் எண்களைத் தட்டினால் ஊருக்குள் காட்டுகிறது. கருவி பழுதா?

கருவியில் பழுதில்லை; எண்ணை எழுதும் முறைதான் வேறு. புதுச்சேரி முகத்துவாரம் 11 டிகிரி 54 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 50 நிமிடம் கிழக்கு. அதையே 11.54, 79.50 என்று தட்டினால் கருவி உங்களை நெய்வேலிக்கு அனுப்பும். டிகிரிக்கு அறுபது நிமிடம் என்பதால் சரியான தசம எண்கள் 11.90, 79.83 ஆகும். நிலத்தில் காட்டியதால் தவறு தெரிந்துவிட்டது. அட்சரேகையை மட்டும் தவறாகத் தட்டியிருந்தால் இருபது மைலுக்கு மேல் தெற்கே, கடலிலேயே ஒரு புள்ளி விழுந்து, யாருக்கும் ஐயம் வராமல் போயிருக்கும்.

உதவி கேட்கும்போது இது உயிர்ப் பிரச்சினை. டிகிரி, நிமிடம் என்று சொற்களைச் சேர்த்தே நிலையைச் சொல்லுங்கள். படகில் உள்ள அனைவரும் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள்.

யார் யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

படகின் பதிவுச் சான்று, காப்பீடு, விற்பனைப் பத்திரம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை ஆகியவற்றின் அசல்களை உடன் வையுங்கள். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் மீன்வளத்துறைக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் வேறு நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. தமிழ்நாட்டில் சொன்ன செய்தி அங்கே தானாகப் போய்ச் சேராது.

அதைவிட முக்கியமானவர் கரையில் இருக்கும் ஒருவர். படகின் நிறம், எண், ஆட்களின் பெயர், புறப்படும் நேரம், மாமல்லபுரத்தைக் கடக்கும் நேரம், சேரும் நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் அவர் 1554க்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த நேரத்தைக் குறிக்காமல் விட்டால், இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று பொழுது இருட்டும் வரை அவர் காத்திருப்பார்.

பாதி வழியில் காற்று ஏறினால் திரும்புவதா, போய்விடுவதா?

அதைப் பாதி வழியில் முடிவுசெய்யக் கூடாது. முந்தைய நாளே எழுதிவைக்க வேண்டும். இந்தப் பாதையில் நடுப்புள்ளி கல்பாக்கத்தைத் தாண்டிப் பாலாற்று முகத்துவாரத்தின் அருகே வருகிறது. எனவே முடிவெடுக்கும் இடம் அதற்கு முன், மாமல்லபுரத்துக்கு நேராக. ஒன்பதரை மணிக்குள் அங்கே வரவில்லை, அல்லது ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்துவிட்டது, அல்லது அலைகளின் தலை தொடர்ந்து வெண்மையாக உடைகிறது: இவற்றில் ஒன்று நடந்தாலும் திரும்பிவிடுங்கள். வடக்கே திரும்பும்போது நீரோட்டமும் கடற்காற்றும் பின்னாலிருந்து தள்ளும். இன்னும் கொஞ்ச தூரம் பார்ப்போம் என்று தெற்கே எடுத்துவைக்கும் ஒவ்வொரு மைலிலும் இந்த வசதி குறைந்துகொண்டே போகும்.

இரண்டாம் நாளில் திரும்ப வேண்டிய தேவை குறைவு. மேலே சொன்ன ஒதுங்கும் இடங்களில் அடுத்தது எது, அங்கே ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதைத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தால் போதும்.

எஞ்சின் நின்றேவிட்டால்?

முதலில் நங்கூரம். கடற்காற்று கரையை நோக்கித் தள்ளும் என்பதால், பழுது பார்க்கத் தொடங்கும் முன்பே அதை இறக்குங்கள். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். பத்து மீட்டர் ஆழத்துக்கு 50 முதல் 70 மீட்டர். நூறு மீட்டர்க் கயிறும் நுனியில் சில மீட்டர் சங்கிலியும் இல்லாத நங்கூரத்தை நம்ப வேண்டாம். படகு நின்ற பிறகு எரிபொருள், வடிகட்டி, பிளக் என்ற வரிசையில் பாருங்கள். அரை மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால், வெளிச்சம் இருக்கும்போதே உதவி கேளுங்கள். யாரும் நீந்திக் கரைக்குப் போக முயலக் கூடாது. தேடி வருபவர்களுக்குப் படகுதான் கண்ணில் படும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் குடிநீர், தலைக்குத் துணி, தண்ணீர் இறைக்க வாளி ஆகியவை இருந்தால் ஓர் இரவு காத்திருப்பதும் தாங்கக்கூடியதே.

நாகப்பட்டினம் வரை நன்றாக வந்தால், அப்படியே ராமேஸ்வரம் போய்விடலாமா?

அதை இதன் தொடர்ச்சியாக நினைக்க வேண்டாம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சுமார் 30 கடல்மைலில் கோடியக்கரை. அதைத் திரும்பியதும் பாக் நீரிணையின் ஆழமற்ற கடல். அங்கே சிறு காற்றுக்கே குட்டையான, நெருக்கமான அலைகள் எழும். மணல்திட்டுகளுக்காகக் கரையை விட்டு விலகினால், 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லையை நெருங்கும் அபாயம் உண்டு. எல்லைக் கோட்டை ஜிபிஎஸ்ஸில் ஏற்றி, அதற்குச் சில மைல் முன்பே எச்சரிக்கை ஒலிக்கும்படி அமைக்காமல் அந்தக் கடலில் இறங்கக் கூடாது. பாம்பன் கால்வாயைக் கடப்பதற்கு அங்குள்ள துறைமுக அலுவலகத்தை முன்கூட்டியே அணுக வேண்டும். அந்தப் பாதைக்கு வேறு வரைபடம், வேறு எரிபொருள் கணக்கு, கரையில் இருப்பவரிடம் வேறொரு தாள் என்று எல்லாவற்றையும் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்குங்கள்.